இருநூறு லிட்டர் டிரம்மில் ஒரு புகை அடுப்பு

கொல்லைப்புறத்தில் வைத்து மீனும் இறைச்சியும் புகை போட ஓர் அடுப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். வாய் முழுதும் திறக்கும் 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றை வாங்குங்கள். இரண்டு நாள் வேலை, ஒரு டிரில், ஓர் ஆங்கிள் கிரைண்டர் போதும். வெல்டிங் தெரியாவிட்டாலும் செய்து முடிக்கலாம். கடையில் பளபளவென்று நிற்கும் பல அடுப்புகளைவிட இது நன்றாக வேலை செய்யும். காரணம், டிரம்முக்குத் தகட்டு இணைப்பு குறைவு. அடிப்பகுதியும் பக்கமும் ஆலையிலேயே இறுக மடித்து மூடப்பட்டவை. காற்று நாம் போட்ட ஓட்டை வழியாக மட்டும்தான் உள்ளே போகும்.

இந்தக் காற்று விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் புகையைத் தேடுகிறார்கள். புகை நிறைய வேண்டும் என்று நெருப்பை மூச்சுத் திணற வைக்கிறார்கள், மேல் ஓட்டையை அடைக்கிறார்கள், ஈர விறகைப் போடுகிறார்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி புகை வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் மீன் கருப்பாக, கசப்பாக, நாக்கு மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது. கட்டை பாதி எரிந்து கக்கிய தார்த்துளிகள், குளிர்ந்த ஈரமான மீன்மேல் படிந்ததால் வந்த வினை அது. நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெயிலில் பார்த்தால் மெல்லிய நீல இழை மாதிரி மேலே போகும். அதன் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும், கரிப்பு போகாது. சின்ன நெருப்பு, தாராளமான வெளியேற்றம், அளந்து விடும் உள்காற்று ஆகிய மூன்றும் கூடினால்தான் அந்த நீலம் கிடைக்கும்.

இதைப் பெரிய அளவில் முதலில் கருவியாக்கியவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த டோரி ஆராய்ச்சி நிலையத்தார். அதற்கு முன் அங்கே மீனைப் புகைபோக்கி மாதிரி உயர்ந்த செங்கல் கூண்டுகளில் தொங்கவிட்டுக் கீழே மரத்தூளைக் கனியவிடுவார்கள். வெளியே காற்று ஈரமாக இருந்தால் மீன் காயாது, அசையாமல் நின்றால் புகை தேங்கும். 1939-இல் உருவான டோரி சூளை, விசிறி வைத்துக் காற்றோட்டத்தையும் சூட்டையும் கையில் எடுத்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா கடற்கரையில் சோர்க்கோர் என்ற மீனவர் குடியிருப்பில் 1960-களின் கடைசியில் உருவான அடுப்பும் அதே கணக்குத்தான். களிமண் சுவர்மேல் மரச்சட்டம் போட்ட வலைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கிய தட்டுகளே புகைபோக்கியாகி, சூடும் புகையும் சிதறாமல் மேலே இழுக்கப்படுகின்றன. விறகு குறைவாகப் பிடித்தது, மீனைப் புரட்டும் வேலையும் குறைந்தது. ஒரு நாளில் ஐம்பது, நூறு கிலோ மீன் போட வேண்டிய கடற்கரைக் குடும்பத்துக்கு டிரம் போதாது. அவர்கள் செங்கல்லில் சோர்க்கோர் கட்டுவதே சரி. வீட்டுக்கு டிரம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரைக்கோள மூடி போட்ட கெட்டில் கிரில் இருந்தால் கரியை ஓரமாக வைத்துக் கோழியும் மீனும் செய்யலாம், ஆனால் இடம் குறைவு. மின்சார ஸ்மோக்கரில் சூடு நிலையாக நிற்கும், மீனுக்கு உண்மையிலேயே நல்லது, புகை மட்டும் சற்று மெல்லியது. பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி உள்ள நீள் அடுப்பு கனத்த தகட்டில், அதாவது 5 மி.மீ.க்கு மேல், செய்திருந்தால் மட்டும் வாங்குங்கள். மெல்லிய தகட்டில் வருபவை சூட்டைத் தக்கவைக்காமல் விறகைத் தின்னும். பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உட்சுவர் பிளாஸ்டிக், அதன் பின்னால் நுரை, இரண்டும் சூட்டில் நச்சுப்புகை விடும். பழைய பீரோவும் அப்படித்தான், உள்ளே பெயின்ட் முழுக்கச் சுரண்டாமல் ஆகாது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பால்கனியில் கரி மூட்டவே கூடாது. கரியின் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

டிரம் தேர்வு

பழைய இரும்புக் கடையில் இரண்டு வகை டிரம் கிடக்கும். மேலே இரண்டு திருகு மூடிகள் மட்டும் உள்ளது ஒன்று. முழு மூடியும் வளையப் பூட்டோடு கழன்று வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் வேண்டும். அதன் மூடியில் 2 அங்குலத் திருகு ஓட்டையும் இருந்தால் நல்லது, அதுவே புகைபோக்கி ஆகிவிடும். அளவு ஏறக்குறைய 57 செ.மீ. விட்டம், 88 செ.மீ. உயரம்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சமையல் எண்ணெய், பழக்கூழ், தேன், வெல்லப்பாகு இருந்த டிரம் உகந்தது. பூச்சிமருந்து, கரைப்பான், பெயின்ட், பிசின் இருந்ததாகத் தெரிந்தாலோ, என்ன இருந்தது என்றே தெரியாவிட்டாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எரித்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை தவறு. துத்தநாகம் பூசிய டிரம்மும் வேண்டாம். நெருப்புக்கு அருகில் அந்தப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் மாதிரி ஆட்டிவைக்கும். இதே காரணத்துக்காகத்தான் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வலையையும், பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டுகளையும் மீன் வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறோம். பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் முலாம் உண்டு.

வாய் திறக்காத டிரம் மட்டும்தான் கிடைத்தது, வெட்டித் திறக்கலாம் என்றால் ஓர் எச்சரிக்கை. காலி டிரம்மில் தங்கிய ஆவி கிரைண்டர் பொறியில் வெடிக்கும். ஆள் செத்திருக்கிறார்கள். இரண்டு திருகையும் கழற்றி, கழுவி, வெட்டும் கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பிய பிறகே கிரைண்டர் தொட வேண்டும்.

எரித்துச் சுத்தம் செய்வது

உணவு டிரம்களின் உட்புறம் பழுப்பு அல்லது சிவப்பு நிறத்தில் ஒரு பிசின் பூச்சு இருக்கும். அது போகாமல் சமைக்கக் கூடாது. முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறியுங்கள். கீழே காற்று ஓட்டைகளைப் போட்ட பிறகு, வீட்டிலிருந்து தள்ளி வெட்டவெளியில் டிரம்மை வைத்து, பாதிவரை காய்ந்த விறகு அடுக்கிக் கொளுத்துங்கள். டிரம் கீழ்ப்பாதி மங்கிய சிவப்பாகத் தெரியும் அளவுக்கு, ஒரு மணி நேரமாவது நெருப்பு நிற்க வேண்டும். காற்று வரும் பக்கம் நின்று பாருங்கள், அந்தப் புகை கெட்டது. ஆறிய பின் கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போட்டு உள்ளே சுரண்டினால் வெள்ளை இரும்பு தெரியும். எங்காவது பூச்சு ஒட்டியிருந்தால் இன்னொரு முறை எரியுங்கள். மேல் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில்தான் பெரும்பாலும் மிஞ்சும். நெருப்பு அங்கே எட்டாது, டிரம்மைத் தலைகீழாகத் தணல்மேல் கவிழ்த்தால் போகும்.

வெளிப்புறத்துக்கு சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே எந்தப் பெயின்டும் வேண்டாம். கடலை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, 150 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வெறுமனே ஓட்டினால் இரும்புத் தோசைக்கல் பழகுவது போல உட்சுவர் பழகிவிடும்.

ஓட்டைகளின் கணக்கு

அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், சம இடைவெளியில் மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றும் 27 மி.மீ. விட்டம், டிரில்லில் ஸ்டெப் பிட் (படிப்படியாக அகலும் கூம்பு முனை) போட்டால் சுத்தமாக வரும். முக்கால் அங்குலக் குழாய் நிப்பிள் (மறை போட்ட குட்டைக் குழாய்) அதற்குள் சரியாக நுழையும். உள்ளும் புறமும் லாக் நட் போட்டு இறுக்குங்கள். ஒரு நிப்பிளில் பித்தளை பால் வால்வு, மற்ற இரண்டில் திருகு மூடி. துத்தநாகம் பூசாத கருப்பு இரும்பு நிப்பிளோ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) நிப்பிளோ கேட்டு வாங்குங்கள்.

முக்கால் அங்குலக் குழாயின் உள்வாய் ஏறக்குறைய மூன்றரைச் சதுர செ.மீ. மூன்றும் சேர்த்து பத்தரை. மேலே 2 அங்குலத் திருகு ஓட்டையின் பரப்பு 20 சதுர செ.மீ. உள்ளே வருவதைப் போல இருமடங்கு வெளியேற வழி இருக்கிறது என்று பொருள். இந்த விகிதத்தைக் கெடுக்காதீர்கள். மேல் ஓட்டை எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ் வால்வில் மட்டுமே. மேலே மூடிச் சூட்டைக் குறைத்தால் சூடு குறையும்தான், ஆனால் பழைய புகை உள்ளேயே சுற்றிச் சுற்றித் தாராகப் படியும். மேலே சொன்ன கசப்பு மீன் அநேகமாக இப்படித்தான் பிறக்கிறது. மூடியில் திருகு ஓட்டை இல்லாவிட்டால் அரை அங்குல ஓட்டைகள் 16 போடுங்கள், பரப்பு அதே கணக்குக்கு வரும்.

கரிக்கூடை 35 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம். கடையில் எக்ஸ்பாண்டட் மெஷ் என்று கேட்டால் வைரக்கண் போட்ட இரும்பு வலை கிடைக்கும். 115 செ.மீ. நீளம் வெட்டி வளைத்துக் கம்பியால் கட்டி, அடியில் ஒரு வட்டத் துண்டைப் போடுங்கள். கூடைக்கு 7 செ.மீ. உயரத்தில் கால் அவசியம். நான்கு நீள போல்ட் போதும். கால் இல்லாத கூடை மூன்று மணி நேரம் நன்றாக எரிந்துவிட்டுப் பிறகு காரணம் தெரியாமல் அணையும். காரணம் சாம்பல்தான், அடியில் சேர்ந்து காற்றோட்டத்தை அடைத்திருக்கும்.

மீன் வைக்கும் தட்டு விளிம்பிலிருந்து 18 செ.மீ. கீழே. நான்கு 8 மி.மீ. எஸ்.எஸ். போல்ட்டுகளைச் சுவரில் பொருத்தி, 55 செ.மீ. விட்டமுள்ள எஸ்.எஸ். கம்பித் தட்டை அவற்றின்மேல் உட்கார வைத்தால் ஆயிற்று. கரிக்கும் தட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 40 செ.மீ. இடைவெளி கிடைக்கும். மத்தி போலச் சின்ன மீன்களைத் தொங்கவிட விரும்பினால் விளிம்புக்குக் கீழே எதிரெதிராக ஓட்டை போட்டு இரண்டு எஸ்.எஸ். கம்பிகளைச் செருகிக்கொள்ளலாம்.

கரிக்கு மேலே, ஏறக்குறைய 15 செ.மீ. உயரத்தில், நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். இதற்கு 30 செ.மீ. பழைய இரும்புத் தோசைக்கல்லைவிடச் சிறந்த பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று போல்ட்டில் உட்கார வைத்துவிடலாம். நெருப்பின் நேரடிச் சூடு மீனைத் தாக்காது, கொழுப்பு கரியில் சொட்டாது. கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் புகை போட்ட மீனிலும் இறைச்சியிலும் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றிருந்த பென்சோபைரீன் வரம்பை 2014-இல் 2 ஆகக் குறைத்தது. வீட்டில் அதை அளக்க முடியாது. தடுப்பு வைப்பது, காய்ந்த விறகு போடுவது, தேவைக்குமேல் புகை போடாதது, இவைதான் நம் கையில் இருப்பவை. தோசைக்கல்மேல் மணல் நிரப்பிய மண்சட்டி ஒன்றை வைத்தால் சூடு இன்னும் நிதானமாகும்.

டிரம்மை நேரடியாகத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல்மேல் வையுங்கள். டைல்ஸ் தரை வெடிக்கும்.

தெர்மாமீட்டர்

வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம். மூடியின் நடுவில் குத்தும் கடிகார மாதிரி தெர்மாமீட்டர் காட்டுவது மூடிக்கு அடியில் இருக்கும் சூட்டை. தட்டின் சூட்டுக்கும் அதற்கும் 15 முதல் 25 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். இரண்டு கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு கம்பி தட்டின்மேல், மீனிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சுவரை ஒட்டாமல். இன்னொன்று மிகத் தடித்த துண்டின் நடுவில், முள்ளையோ எலும்பையோ தொடாமல். வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். கொடைக்கானலில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் 93-லேயே கொதிக்கும், தெர்மாமீட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

கரியும் கட்டையும்

சூடு கரியிலிருந்து, மணம் கட்டையிலிருந்து. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் வேலை எளிது. தமிழ்நாட்டில் மூட்டையில் கிடைக்கும் அடுப்புக்கரி பெரும்பாலும் சீமைக் கருவேலம். அது அமெரிக்காவில் இறைச்சி சுடுவோர் கொண்டாடும் மெஸ்கீட் மரத்தின் சொந்த இனம். ஹவாயில் கியாவே என்று புகை போடப் பயன்படுத்துவதும் அதே குடும்பம்தான். கரியாக அருமை. கரியாக்காத கட்டையாக மணம் மிகக் காட்டம், ஆட்டிறைச்சிக்கு ஒரு துண்டு போடலாம், மீனுக்கு வேண்டாம். மூட்டையைத் திறந்து தூளைச் சலித்துவிட்டுத் துண்டுகளை மட்டும் போடுங்கள், தூள் காற்றை அடைக்கும். கடற்கரை ஊர்களில் கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி போட்ட வாளியில் வைக்காத கரி முதல் அரைமணி நேரம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே இருக்கும்.

மணத்துக்கு எங்கள் முதல் தேர்வு கொய்யா. மென்மையான, லேசான இனிப்புள்ள புகை, மீனுக்கும் கோழிக்கும் பொருந்தும். அடுத்து மா. தேங்காய் மட்டையும் சிரட்டையும் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் மாசி (புகை போட்டுக் காயவைத்த சூரை) செய்யப் பயன்படுபவை. சூரைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை, ஆனால் சிரட்டை சட்டென்று சுவாலை பிடிக்கும், ஒன்றிரண்டு துண்டுக்குமேல் ஒரே சமயத்தில் போடக் கூடாது. வேம்பு கசக்கும். பைன், யூகலிப்டஸ் போன்ற பிசின், எண்ணெய் உள்ளவை கூடாது. அரளி நஞ்சு, அதன் சுள்ளிகூடக் கூடையில் கலக்கக் கூடாது. கடலோரச் சதுப்பில் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது. பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஊட்டிய பெட்டிக்கட்டை எதுவும் வேண்டாம்.

கட்டை வெட்டிக் கூரைக்கடியில் ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். கைமுட்டி அளவுத் துண்டுகள் மூன்று, மொத்தம் 300 கிராம் போதும், அதுவே ஒரு முழு ஈடு மீனுக்கு. கட்டையை ஊறவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காய்ந்த வன்மரத்தில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மேல்தோலுக்கு அப்பால் போகாது. போன தண்ணீரும் ஆவியாகித் தீரும்வரை கட்டை நல்ல புகை தராது.

நெருப்பைப் பிடித்து வைத்தல்

கூடையில் 3 கிலோ எரியாத கரியைக் கொட்டி, கட்டைத் துண்டுகளை இடையிடையே புதைத்து, நடுவில் ஒரு குழி பறியுங்கள். தனியாகக் கனிய வைத்த 12 முதல் 15 துண்டு தணலை அந்தக் குழியில் கொட்டுங்கள். நெருப்பு நடுவிலிருந்து மெல்ல வெளியே நகரும், ஆறு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். மூன்று காற்று வழிகளையும் திறந்து மூடியைப் போடுங்கள். இலக்கு 115 டிகிரி என்றால் 100-ஐத் தொட்டதுமே இரண்டு திருகு மூடிகளையும் அடைத்து, வால்வைப் பாதியாக்குங்கள். இலக்கைத் தாண்டிய பிறகு டிரம்மின் சூட்டை இறக்குவது ஏற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். முழுசாகக் கனிந்த கரியை மீண்டும் தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆகும். வால்வைத் தொட்டால் 15 நிமிடம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த திருகு. மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்ததும் காற்று கொட்டும், மூடிய ஐந்து நிமிடத்தில் சூடு முப்பது டிகிரி எகிறும்.

வெள்ளைப் புகை நின்று நீலமாகும்வரை உணவு உள்ளே போகக் கூடாது. பொதுவாக 30 முதல் 45 நிமிடம்.

மீன்

கொழுப்புள்ள மீன் புகையை வாங்கும், காயாது. மத்தி, கானாங்கெளுத்தி (அயிலை), சூரை, பாறை, வஞ்சிரம் (யாழ்ப்பாணத்தில் அறக்குளா). குளத்து மீனில் கெளுத்தி வகை நன்றாக வரும். சங்கரா போன்ற கொழுப்பில்லாத மீன் சீக்கிரம் நார் நாராகிவிடும்.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றிலும் ஓர் ஆபத்து உண்டு. ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாக்கும். முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் புகை போட்டாலும் போகாது. பழைய மீனைப் புகையில் மறைக்கலாம் என்ற நினைப்பு இங்கே நேரடியாக உடம்பைத் தாக்கும். மீனுக்குச் சம எடை ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

உப்பு எப்போதும் எடையில். கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. நாங்கள் பரிந்துரைப்பது தவறவே முடியாத உலர் முறை. சுத்தம் செய்த 1 கிலோ மீனுக்கு 28 கிராம் உப்பு, 12 கிராம் நாட்டுச் சர்க்கரை. தடவி மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் 12 மணி நேரம். போட்ட உப்பு அவ்வளவுதான் உள்ளே போகும், ஊறியது கூடிவிட்டால் என்ன என்ற பயம் இல்லை. அவசரமென்றால் உப்புநீர் செய்யலாம். 850 மி.லி. தண்ணீரில் 150 கிராம் உப்பு கரைத்து ஆறவைத்து, முதுகுவழி பிளந்த கானாங்கெளுத்தியை 45 நிமிடம், 2.5 செ.மீ. தடித்த வஞ்சிரத் துண்டை ஒன்றரை மணி நேரம் போடலாம். இதில் பத்து நிமிடம் மறந்தாலும் உப்புக் கரிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மிளகு, பூண்டு, மஞ்சள் உங்கள் விருப்பம். மஞ்சள் அதிகமானால் புகையின் பொன்னிறம் தெரியாது.

அடுத்த படியைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். ஊறிய மீனைச் சட்டென்று அலசி, துணியால் ஒற்றி, கம்பித் தட்டில் பரப்பி மேசை விசிறிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரி புழுக்கமான ஊர்களில் வெளியே காயாது, மீனும் கெடும். அங்கே குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் ஓர் இரவு. விரலால் தொட்டால் ஒட்டும், ஈரம் வராது, மேலே கண்ணாடிப் படலம் மாதிரி ஒரு பளபளப்பு தெரியும். புகையின் நிறமும் மணமும் பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தில்தான். அது உருவாகாமல் போட்டால் திட்டுத் திட்டான நிறம், வழியும் தார்க்கோடுகள். சூட்டில் உள்ளிருந்து வெள்ளையாகத் தயிர்க்கட்டி போல் பிதுங்கும் புரதமும் இதன் அறிகுறி.

மீனுக்கு நெருப்பைத் தாழ்வாகத் தொடங்க வேண்டும். கூடையில் 500 கிராம் கரி மட்டும், ஒரே ஒரு வால்வு. 55 டிகிரியில் 45 நிமிடம். இந்த அளவு தாழ்ந்த சூட்டை வால்வால் பிடிக்க முடியாது, கரியின் அளவால்தான் முடியும். பிறகு தனியாகக் கனிய வைத்த இருபது துண்டு தணலைச் சேர்த்து 80-க்கு ஏற்றி ஒரு மணி நேரம். கடைசியாக 95–100, மீனின் நடுப்பகுதி 65 டிகிரி ஆகும்வரை. அதை அங்கேயே 30 நிமிடம் நிறுத்த வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புகை போட்ட மீனுக்குச் சொல்வது 63 டிகிரி, 30 நிமிடம். இரண்டு டிகிரி கூட வைப்பது தெர்மாமீட்டரின் பிழைக்காக. பிளந்த கானாங்கெளுத்திக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம், வஞ்சிரத் துண்டுக்கு மூன்று. எடுத்த எடுப்பிலேயே 120-ல் போட்டால் வெளியே கெட்டித் தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் அடைபடும், அமுக்கினால் தண்ணீர் வரும்.

தட்டுக்கு எண்ணெய் தடவி, தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். ஆறிய பிறகு எடுத்தால் மீன் உடையாது.

கோழியும் ஆடும்

கோழிக்கு 1 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, எட்டு மணி நேரம். 1.2 கிலோ முழுக்கோழியை முதுகெலும்பு வெட்டி விரித்துப் போடுங்கள். 110-ல் போட்டால் தோல் ரப்பராகும். 135–150 வேண்டும், கடைசி இருபது நிமிடம் தோசைக்கல் இல்லாமல். தொடையின் தடித்த இடம் 74 டிகிரி. எலும்பருகே இளஞ்சிவப்பு தெரிந்தாலும் தெர்மாமீட்டர் 74 சொன்னால் வெந்துவிட்டது, புகை போட்ட கோழியில் அந்த நிறம் இயல்பு.

வெள்ளாட்டில் தொடையைவிட முன்னங்கால் சப்பை நல்லது, சவ்வும் கொழுப்பும் கொஞ்சம் இருக்கும். ஒன்றரைக் கிலோ சப்பைக்கு 25 கிராம் உப்பு, மிளகு, சீரகம் தடவி ஓர் இரவு. 115–120-ல் மூன்று மணி நேரம் புகை. உள்சூடு 70-ஐ நெருங்கும்போது தெர்மாமீட்டர் ஏறாமல் நின்றுவிடும், சில நேரம் ஒரு மணி நேரம்கூட. நெருப்பு குறைந்துவிட்டது என்று கரி அள்ளிப் போடாதீர்கள். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில் வாழையிலையில் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றித் திரும்ப வைத்தால் 93–95 வரை போய், எலும்பு கையோடு கழன்று வரும். மொத்தம் ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்றி இறைச்சியில் பேக்கன் மாதிரி தாழ்ந்த சூட்டில் பல மணி நேரம் புகை போடுவதற்கு நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பு தேவை. 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் உள்ள கலவையில் கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம், அதற்குமேல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. கலக்காத தூய சோடியம் நைட்ரைட் சில கிராமிலேயே உயிரை எடுக்கும். வெடியுப்பைக் கைக்கணக்கில் போடுவதும் விளையாட்டல்ல. கிராம் தராசும் சரியான கலவையும் இல்லாதவர்கள் சூடான புகையோடு நிறுத்திக்கொள்ளட்டும். 30 டிகிரிக்குக் கீழே போடும் குளிர்ப்புகை நம் சமவெளிக்கு ஏற்றதில்லை. வெளியே நிழலே 35-க்கு மேல் இருக்கும்போது அது மீனை அழுக வைக்கும் முறை மட்டுமே.

எவ்வளவு நாள்

கருவாட்டையும் புகை மீனையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கருவாடு கெடாமல் இருப்பது உப்பாலும் வறட்சியாலும். மாசியும் அப்படியே. சூரையை உப்புநீரில் அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காய வைப்பதால்தான் அது மாதக்கணக்கில் நிற்கிறது, புகையால் மட்டும் இல்லை. நாம் டிரம்மில் செய்வது ஈரமுள்ள சமைத்த மீன். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில், 4 டிகிரிக்குக் கீழே, ஒரு வாரம். உறைபெட்டியில் இரண்டு மாதம். காற்றை உறிஞ்சி அடைக்கும் வாக்குவம் பையில் போட்டுச் சாதாரணக் குளிரில் வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் மீனில் வரும், உயிர்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் வகைப் பாக்டீரியா 3.3 டிகிரியிலேயே வளரத் தொடங்கும், நாற்றமும் காட்டாது. வாக்குவம் பை என்றால் நேராக உறைபெட்டிக்கு, கரைக்கும்போது பையைக் கிழித்துவிட்டு. மின்சாரம் நாலைந்து மணி நேரம் போகும் ஊரென்றால் இரண்டு நாளில் சாப்பிட்டு முடிக்கும் அளவு மட்டும் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் கீழ் வழிகளையும் மேல் ஓட்டையையும் அடைத்தால் கரி அணைந்துவிடும். மிச்சக் கரியை அடுத்த முறை மேலே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அணைந்த டிரம்மை அன்று இரவே வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்குள்ளோ தள்ளக் கூடாது, உள்ளே ஒரு தணல் உயிரோடு இருந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வரும். மறுநாள் காலையில் சாம்பலை அள்ளிவிடுங்கள். சாம்பல் ஈரம் இழுத்தால் காரமாகி, ஒரு மழைக்காலத்திலேயே அடித்தகட்டைச் சல்லடையாக்கிவிடும். அள்ளிய பின் உள்ளே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மேல் ஓட்டைக்கு ஒரு கவிழ்த்த சிரட்டை. கடற்காற்று படும் ஊரென்றால் தார்ப்பாயும் வேண்டும்.